கையாளுதல் இழப்பு

கொருக்குப்பேட்டை கேட் மூடியிருந்ததில்
கமிட்டித் தலைவர் நாற்பது நிமிடம் தாமதம்.
சரக்கு ரயில் முழுதும் நகர்ந்து முடியும்வரை
வெள்ளைக் காருக்குள் உட்கார்ந்து
பெட்டிகளை எண்ணிக்கொண்டிருந்தாராம்.
டிரைவர் சொன்னான்.
உதடு அசைந்ததாம்.

மாநகராட்சிக் கல்யாண மண்டபத்தில் கருத்துக்கேட்பு.
நேற்றைய மாப்பிள்ளை பெண்ணின் தெர்மோகோல் பெயர்கள்
பாதி பிய்ந்து தொங்க
அதன் கீழே முனைவர் நவமணி ஆசீர்வாதம்.
நெல்லுக்கு விலை சொல்லும் வேலையில் பத்தொன்பது வருடம்.
உழவு இவ்வளவு, உரம் இவ்வளவு,
கூலி வாங்காமல் களையெடுத்த பெண்டாட்டிக்கு இவ்வளவு என்று
அந்தக் கடைசி வரிக்காக
தில்லியில் மூன்று மந்திரிகளோடு மல்லுக்கு நின்றவர்.
மூன்றாமவர் கொடுத்தார்,
கேட்டதில் பாதி.

நான் மூட்டை தூக்குகிறவன். சங்கத்தில் துணைச் செயலாளர்.
வயலே இல்லாத ஊரில் வந்து
இந்த அம்மா என்ன கேட்டுவிடப் போகிறார் என்று இருந்தேன்.
இங்கே விளைவது
தண்டவாளத்துக்கு நடுவில் சிந்திய கோதுமை மட்டும்.
மழை பெய்த நாலாம் நாள் பச்சையாக எழுந்து நிற்கும்.
அஞ்சாம் நாள் எஞ்சின் வரும்.

கேட்டார்.
"பக்கம் எழுபத்தொன்று. கையாளுதல் இழப்பு,
நூற்றுக்கு ஒன்றரை. ஏன்?"

கொக்கி என்றேன்.
சாக்கில் கொக்கி போட்டால் ஓட்டை,
ஓட்டைக்கு ஒரு பிடி.
கொக்கி இல்லாமல் தூக்கச் சொன்னால்
சாக்குக்கு முன்னால் தோள் கிழியும்.
எழுதிக்கொண்டார்.
எலி என்றார் கிடங்கு அதிகாரி.
பேனா அசையவில்லை.

அப்போதுதான் பின்வரிசையில் வஜ்ரம் எழுந்தாள்,
இடுப்பில் முறம்,
வேலையிலிருந்து நேராக வந்திருந்தாள்.
"அந்த ஒன்றரை நான்தாம்மா.
நானும் இன்னும் பதினாலு பேரும்.
வேகனுக்கு அடியில பூந்து பெருக்குறோம்.
கல்லு பொறுக்கிப் பொடச்சா நாளைக்கு ரெண்டு படி.
நீங்க செலவுன்னு எழுதுறீங்க.
எங்க வூட்டுல அது வரவு."

மண்டபம் சிரித்தது.
தலைவர் சிரிக்கவில்லை.
"எந்த லைன்?"
"நாலு."
"நாலுல டீசல் சொட்டுமே. அரிசி நாறாதா?"
"மூணு தண்ணி கழுவினா போயிடும்மா."
"போகாது" என்றார்.

அவ்வளவுதான்.
அடுத்த ஆள் எழுந்து
ஈரப்பதம் பதினேழு சதவீதம் பற்றிப் பேசத் தொடங்கினார்.
மணலிப் பக்கமிருந்து காற்று திரும்ப
யாரோ ஜன்னலைச் சாத்தினார்கள்.
தலைவர் மூக்கைக்கூடச் சுளிக்கவில்லை.

அறிக்கை ஐப்பசியில் வந்தது.
கொக்கிக்குத் தடை. தைத்த சாக்குக்குப் பதில் புது சாக்கு.
எங்களுக்கு மூட்டைக்கு அறுபது பைசா ஏற்றம்.
இழப்பு, நூற்றுக்கு அரை.
யார்டைச் சுற்றிக் கம்பிவேலி.
பரிந்துரை ஒன்பது, அதன் கீழே
நவமணி ஆசீர்வாதம் கையெழுத்து,
மை தேயாமல், நடுங்காமல்.

வேலி வந்த வாரம் வஜ்ரம் என் வீட்டுக்கு வந்தாள்.
திட்டத்தான் வந்தாள் என்று நினைத்தேன்.
"அந்தப் பொஸ்தகத்துல நாங்க இருக்கோமா, பாரு."

இருந்தார்கள்.
எறும்பு எழுத்தில், பக்கத்தின் அடியில்:
சிந்திய தானியத்தைப் பெருக்கிப் பிழைக்கும் பெண்கள்
மாற்று வேலை கிடைக்கும்வரை
மாதம் முப்பது கிலோ பெற உரியவர்கள்.
அந்தக் குறிப்பை இதுவரை
எந்த அலுவலகமும் படித்ததாகத் தெரியவில்லை.

"பேரு?"
பெயர் இல்லை. எண்ணிக்கை இருக்கிறது.
"எத்தினி?"
பதினாறு.

வஜ்ரம் விரலை மடக்கினாள்.
செல்லாபாய், குப்பு, ரெஜினா,
ரெஜினாவின் மருமகள், ஊமைச்சி...
பதினைந்தில் நின்றது.
மறுபடி முதலிலிருந்து எண்ணினாள்.

அச்சுப்பிழை என்றேன் நான்.

அவள் பதில் சொல்வதற்குள்
கேட் மணி அடிக்க ஆரம்பித்தது.